எலக்ட்ரான் கணக்கும் எடைக் கணக்கும்

நீர்த்த கந்தக அமிலத்தில் சிறிது மெத்தனாலைக் கலந்து, அதில் ஒரு பிளாட்டின மின்முனையை நிறுத்தி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஏறத்தாழ அரை வோல்ட்டை நெருங்கும்போது மின்னோட்டம் தலைகாட்டும். ஹைட்ரஜன் மின்முனையை ஆதாரமாக வைத்து அளந்த அளவு இது. மின்னோட்டம் ஓடினால் மெத்தனால் எலக்ட்ரான்களை இழக்கிறது, ஆக்சிஜனேற்றம் நடக்கிறது என்று பொருள். இதுவரை யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த மெத்தனால் என்னவாக மாறியது? மின்னோட்டத்தை எத்தனை துல்லியமாக அளந்தாலும் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராது.

எலக்ட்ரானுக்கு ஊர், பேர் கிடையாது என்பதுதான் காரணம். எந்த மூலக்கூறிலிருந்து வந்தாலும் கம்பிக்குள் போனபின் எல்லாம் ஒன்றே. மெத்தனால் மூலக்கூறு முழுவதும் எரிந்தால், ஒரு நீர் மூலக்கூறிடம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகும். அதற்குள் 6 எலக்ட்ரான்களைக் கொடுத்திருக்கும். 2 எலக்ட்ரான்களோடு நின்றுவிட்டால் அது ஃபார்மால்டிஹைடு. 4 எலக்ட்ரான்களோடு நின்றால் ஃபார்மிக் அமிலம். நகரப் பேருந்து நடத்துநரின் பையிலுள்ள மொத்தப் பணத்தை எண்ணிப் பார்த்து, எத்தனை பேர் கடைசி நிறுத்தம்வரை போனார்கள், எத்தனை பேர் இரண்டாவது ஸ்டேஜிலேயே இறங்கினார்கள் என்று சொல்ல முடியுமா? மின்னோட்டம் அந்த மொத்தப் பணம். இறங்கியவர் யார் என்று சொல்ல இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியாக வேதியியலாளர்கள் கொண்டுவந்து நிறுத்தியது நிறை நிறமாலைமானியை. மூலக்கூறுகளை எடை பார்த்துப் பெயர் சொல்லும் கருவி அது. மின்முனையில் உருவாகும் பொருளை உருவாகும் அந்தக் கணத்திலேயே எடை பார்க்கும் இந்த முறைக்கு வகையீட்டு மின்வேதி நிறை நிறமாலையியல் என்று பெயர். பெயர் நீளமானது, செய்யும் வேலை தெளிவானது. எலக்ட்ரான் கணக்கையும் எடைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் அது.

எதற்காக இந்தக் கணக்கு?

மெத்தனால், எத்தனால், ஃபார்மிக் அமிலம் போன்ற சிறிய கரிமப் பொருள்களை நெருப்பில்லாமல் எரித்து நேரடியாக மின்சாரம் எடுப்பது நெடுநாள் கனவு. எரிபொருள் மின்கலம் என்பது அதைச் செய்யும் சாதனம். ஹைட்ரஜனைப்போல உயர் அழுத்த உருளைகளில் அடைக்க வேண்டியதில்லை. இவை சாதாரண வெப்பநிலையில் திரவம், கேனில் ஊற்றி வைக்கலாம். ஒரு கிலோ மெத்தனாலில் கோட்பாட்டளவில் சுமார் 6 யூனிட் மின்சாரம் அடங்கியிருக்கிறது. எத்தனாலில் சுமார் 8 யூனிட். எத்தனாலைக் கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கலாம் என்பதால் அதன்மேல் இன்னும் ஆசை அதிகம்.

ஆனால் அந்த 8 யூனிட்டும் கைக்கு வர வேண்டுமானால், எத்தனால் மூலக்கூறு கடைசிவரை எரிந்து, இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளாகி, 12 எலக்ட்ரான்களைக் கொடுக்க வேண்டும். வழியில் ஒரு பெரிய தடை இருக்கிறது: மூலக்கூறின் நடுவிலுள்ள கார்பன்–கார்பன் பிணைப்பு. அதை உடைக்க முடியாமல் வினை திசைமாறினால் 2 எலக்ட்ரான்களோடு அசிட்டால்டிஹைடு உருவாகும். அல்லது 4 எலக்ட்ரான்களோடு அசிட்டிக் அமிலம். முதல் வழியில் எலக்ட்ரான்களில் ஆறில் ஒரு பங்குதான் கிடைக்கிறது, இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு. மீதி ஆற்றல் விளைபொருளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எத்தனாலைக் கொடுத்து வினிகரை வாங்கும் மின்கலத்தை எரிபொருள் மின்கலம் என்று சொல்வது பொருந்துமா?

மெத்தனாலுக்கு உடைக்க வேண்டிய கார்பன்–கார்பன் பிணைப்பு இல்லை. அதன் தொல்லை வேறு. பிளாட்டினத்தின் மேல் அது சிதையும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகி, உலோக அணுக்களோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. பிளாட்டினப் பரப்பை அது அடைத்துக்கொண்டால் அடுத்த மெத்தனால் வந்து அமர இடமில்லை. இதை வேதியியலாளர்கள் நச்சேற்றம் என்பார்கள். ஒட்டியிருக்கும் நஞ்சு கார்பன் மோனாக்சைடுதான் என்பதை 1981-இல் பெடென், லாமி, பெவிக், குனிமட்சு ஆகியோர் அகச்சிவப்பு நிறமாலையைக் கொண்டு காட்டினார்கள். அகச்சிவப்பு ஒளி உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறது. நிறை நிறமாலைமானி உலோகத்தை விட்டு வெளியேறுவதைப் பார்க்கிறது. இந்தத் துறையின் அறிவு இந்த இரண்டு பார்வைகளும் சேர்ந்து கட்டியது.

நீருக்கும் வெற்றிடத்துக்கும் நடுவே

நிறை நிறமாலைமானியை மின்கலத்தோடு இணைப்பது, சொல்வதற்கு எளிது. அந்தக் கருவிக்குள் மூலக்கூறின் மேல் எலக்ட்ரான்களை மோதி அதை அயனியாக்குகிறார்கள். பிறகு அந்த அயனியை அதன் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தின்படி பிரிக்கிறார்கள். வழியில் வேறு மூலக்கூறோடு மோதாமல் அயனி போய்ச்சேர வேண்டுமானால் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்கக் கூடாது. வளிமண்டல அழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் வெற்றிடம் வேண்டும். மின்வேதியியலோ நீரில் நடப்பது. வெற்றிடத்தை நீரோடு நேருக்கு நேர் சேர்த்தால் நீர் கொதித்து உள்ளே பாயும். கருவி அந்தக் கணமே பாழ்.

இரண்டுக்கும் நடுவே நிற்கக்கூடிய பொருள் டெஃப்லான். நீர் ஒட்டாத இந்தப் பிளாஸ்டிக்கை நுண்துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வாகச் செய்ய முடியும். துளையின் குறுக்களவு 0.02 மைக்ரோமீட்டர் அளவில் இருந்தால், அதற்குள் நீரைத் தள்ள வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல மடங்கு விசை வேண்டும். ஆகவே மறுபக்கம் வெற்றிடமாக இருந்தாலும் திரவ நீர் உள்ளே நுழையாது. ஆவியாகக்கூடிய மூலக்கூறுகளும் வாயுக்களும் மட்டும் துளை வழியே கடந்து போகும். கூடவே நீராவியும் ஓரளவு போகும். அதைப் பம்புகள் இழுத்து வெளியேற்றிவிடும். சோதனையில் ஆல்கஹாலைக் குறைந்த செறிவில் வைத்துக்கொள்வதற்கும் இதுவே ஒரு காரணம். ஆல்கஹால் அதிகமானால் திரவத்தின் பரப்பு இழுவிசை குறைந்து, டெஃப்லான் நனையத் தொடங்கிவிடும்.

நுண்துளை மின்முனை வழியாக விளைபொருளை நேரே நிறை நிறமாலைமானிக்குள் எடுத்துக் காட்டியவர்கள் புரூக்கென்ஸ்டைனும் காடேயும். 1971-இல் அவர்களுடைய கட்டுரை அமெரிக்க வேதியியல் கழக இதழில் வந்தது. அவர்கள் ஏற்பாட்டில் வாயு சேர்ந்து, அளவிடத் தகுந்த அடையாளமாக மாறப் பல விநாடிகள் பிடித்தன. அது என்ன பெரிய தாமதம் என்று தோன்றலாம். இந்தச் சோதனைகளில் மின்னழுத்தத்தை விநாடிக்கு 10 மில்லிவோல்ட் வீதம் ஏற்றுவது வழக்கம். அடையாளம் 20 விநாடி தாமதித்தால் அதற்குள் மின்னழுத்தம் 200 மில்லிவோல்ட் நகர்ந்திருக்கும். எந்த மின்னழுத்தத்தில் எது உருவானது என்பதே குழம்பிவிடும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது 1984-இல் ஜெர்மனியின் பான் நகரில் வோல்டர், ஹைட்பவும் இருவரும் அமைத்த கருவி. பிளாட்டினப் படலத்தை டெஃப்லான் சவ்வின் மேலேயே பரப்பினார்கள். வாயு நுழையும் அறைக்கு ஒரு பம்பு, அயனிகளைப் பிரிக்கும் அறைக்கு ஒரு பம்பு என்று இரண்டு கட்டமாக வெற்றிடத்தை அமைத்தார்கள். உள்ளே வரும் வாயு தேங்காமல் உடனுக்குடன் வெளியேறியது. அதனால் ஒரு கணத்தில் கருவி காட்டும் அளவு, அதுவரை சேர்ந்த மொத்தமாக இல்லாமல், அந்தக் கணத்தில் விளைபொருள் உருவாகும் வேகமாக அமைந்தது. மின்னோட்டமும் எலக்ட்ரான்கள் வெளியேறும் வேகம்தானே. இரண்டு வேகங்களையும் ஒரே தாளில், ஒரே மின்னழுத்த அச்சின் மேல் வரைந்து ஒப்பிட முடிந்தது அப்போதுதான். முறையின் பெயரில் வகையீடு என்ற சொல் சேர்ந்ததற்குக் காரணமும் இதுவே.

இந்தக் கருவி பானில் பிறந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. நான்கு உலோகக் கம்பிகளுக்கு நடுவே மாறும் மின்புலத்தை ஏற்படுத்தி, விரும்பிய நிறையுள்ள அயனியை மட்டும் கடந்துபோக விடும் வடிப்பானை 1950-களில் உருவாக்கியவர் அதே பான் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் வோல்ஃப்காங் பவுல். அயனிகளைச் சிறைப்பிடிக்கும் நுட்பத்துக்காக 1989-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடக்கமான, விலை குறைந்த, வேகமாக ஒரு நிறையிலிருந்து இன்னொரு நிறைக்குத் தாவக்கூடிய அவருடைய வடிப்பான்தான் இன்றும் பெரும்பாலான மின்வேதி ஆய்வகங்களில் இந்த வேலையைச் செய்கிறது.

ஒரு சோதனையைக் கிட்டே நின்று பார்ப்போம்

முதலில் கருவிக்கு அளவு கற்றுக்கொடுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும்போது கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் எத்தனை மூலக்கூறுகளுக்குச் சமம்? இதற்கு அந்தப் பழைய நஞ்சே உதவுகிறது. பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடை ஒரே ஓர் அடுக்காக ஒட்டவிடுகிறார்கள். பிறகு கரைசலை மாற்றி, மிச்சமிருக்கும் வாயுவை எல்லாம் கழுவிவிடுகிறார்கள். இப்போது மின்னழுத்தத்தை ஏற்றினால் சுமார் 0.7 வோல்ட்டில் அந்த அடுக்கு மொத்தமாக எரிந்து கிளம்புகிறது. ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடும் சரியாக 2 எலக்ட்ரான்களைக் கொடுத்து, ஒரு கார்பன் டை ஆக்சைடாகிறது. இடையில் நின்றுபோக வேறு நிலையம் இல்லை. ஆகவே எலக்ட்ரான்களை எண்ணினால் மூலக்கூறுகளை எண்ணியதாகிவிடும்.

எவ்வளவு சிறிய அளவு இது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிளாட்டின அணுவின் மேலும் ஒரு கார்பன் மோனாக்சைடு என்று கொண்டால், வழவழப்பான ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து வரும் மின்னூட்டம் சுமார் 420 மைக்ரோகூலம். ஃபாரடே மாறிலியான 96,485-ஐக் கொண்டு வகுத்துப் பார்த்தால் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடின் எடை, ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. ஓர் அணு கனமே உள்ள ஒரு படலம் கிளம்பிப் போவதைக் கருவி தெளிவாக ஒரு மேடாக வரைந்து காட்டுகிறது. இந்த வரைபடத்தில் எலக்ட்ரான் மேடும் எடை மேடும் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சுப் பிசகாமல் எழும்.

அளவு தெரிந்தபின் மெத்தனாலை விடுகிறார்கள். மின்னோட்டம் 100 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நிறை எண் 44-இல் கருவி காட்டும் கார்பன் டை ஆக்சைடின் அளவை மூலக்கூறுக்கு 6 எலக்ட்ரான் வீதம் மின்னோட்டமாக மாற்றிப் பார்க்கிறோம். 60 மைக்ரோஆம்பியர் வருகிறது என்று கொள்வோம். அப்படியானால் மீதி 40 யாருடையது? எலக்ட்ரான் கணக்குக்கும் எடைக் கணக்குக்கும் நடுவே விழுந்த இந்த இடைவெளிதான் ஆய்வாளர் தேடிவந்த செய்தி. ஏதோ ஒரு பொருள் பாதி வழியில் நின்றுவிட்டது என்பதற்கு அது சான்று.

இந்த 40-ம் ஃபார்மால்டிஹைடு என்றால், மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான். கணக்கைப் போட்டுப் பார்த்தால், 60-ஐ 6-ஆல் வகுக்க 10. 40-ஐ 2-ஆல் வகுக்க 20. அதாவது வினைபுரிந்த ஒவ்வொரு 30 மூலக்கூறிலும் 10 மட்டுமே முழுதாக எரிந்திருக்கின்றன. மின்னோட்டத்தில் 60 சதவீதம் என்று சொன்னது, மூலக்கூறுகளில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. இந்த இரண்டு விகிதங்களையும் குழப்பிக்கொண்டால் ஒரு வினையூக்கி உண்மையில் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு நல்லதாகத் தெரியும்.

மீதி ஃபார்மிக் அமிலமாகவும் இருக்கலாமே? இங்கே ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. ஃபார்மிக் அமிலம் கரைசலில் நிறைந்திருக்கும் மெத்தனாலோடு சேர்ந்து மெத்தில் ஃபார்மேட் என்ற எளிதில் ஆவியாகும் எஸ்டராகிறது. அதன் நிறை எண் 60. மெத்தனாலுக்கோ கார்பன் டை ஆக்சைடுக்கோ அந்த எண்ணில் அடையாளம் இல்லை. 60-இல் கருவி அசைந்தால் ஃபார்மிக் அமிலம் உருவாகியிருக்கிறது என்று அறியலாம். ஃபார்மால்டிஹைடுக்கு இந்த வசதி இல்லை. நீரில் அது மெத்தேன்டையோல் என்ற ஆவியாகாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. மேலும் அதன் நிறை எண்களான 29, 30 இரண்டிலும் மெத்தனாலின் சிதைவுத் துண்டுகள் வந்து மறைக்கின்றன. ஆகவே பெரும்பாலும் மற்றவற்றைக் கழித்த மிச்சமாகவே ஃபார்மால்டிஹைடைக் கணக்கிடுகிறார்கள்.

44 என்ற எண்ணில் இருவர்

எத்தனாலுக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. முழுதாக எரிந்தால் வருவது கார்பன் டை ஆக்சைடு: ஒரு கார்பன் 12, இரண்டு ஆக்சிஜன் 32, மொத்தம் 44. பாதியில் நின்றால் வருவது அசிட்டால்டிஹைடு: இரண்டு கார்பன் 24, நான்கு ஹைட்ரஜன் 4, ஓர் ஆக்சிஜன் 16, மொத்தம் அதே 44. மின்கலத்தின் வெற்றிக்கும் தோல்விக்கும் எடை ஒன்றே. சாதாரண நான்கு கம்பி வடிப்பானால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. 44-ஐ மட்டும் பார்த்தவர் அசிட்டால்டிஹைடைக் கார்பன் டை ஆக்சைடு என்று எண்ணிப் பெருமகிழ்ச்சி அடையக்கூடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. கருவி பிரிப்பது நிறையை மட்டும் வைத்தல்ல, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து. கார்பன் டை ஆக்சைடு உறுதியான மூலக்கூறு. எலக்ட்ரான் மோதலில் அதில் ஒரு சிறு பங்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு எலக்ட்ரான்களை இழந்தும் உடையாமல் நிற்கிறது. இரட்டை மின்னூட்டம் பெற்ற அந்த அயனி, 44-ஐ 2-ஆல் வகுத்த 22 என்ற எண்ணில் தோன்றும். முதன்மை அடையாளத்தோடு ஒப்பிட்டால் இது ஓரிரு சதவீதம்தான். ஆனால் 22-இல் அசிட்டால்டிஹைடோ எத்தனாலோ குறுக்கிடுவதில்லை. ஆகவே கார்பன் டை ஆக்சைடை 22-இலும், அசிட்டால்டிஹைடை அதன் துண்டு விழும் 29-இலும் அளக்கிறார்கள். பலமான அடையாளத்தைக் கைவிட்டு, பலவீனமான ஆனால் பொய் சொல்லாத அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படி அளந்ததில் தெரிந்த உண்மை கசப்பானது. சாதாரண வெப்பநிலையில், தூய பிளாட்டினத்தின் மேல், எத்தனால் தரும் மின்னோட்டத்தில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு ஒரு சில சதவீதம் மட்டுமே.

கார்பன்–கார்பன் பிணைப்பு உடையவே இல்லையா? உடைகிறது, ஆனால் உடைந்த துண்டுகள் உலோகத்தை விட்டு நகர்வதில்லை. இதைக் காட்டவும் இதே கருவிதான் உதவியது. எத்தனாலைப் பிளாட்டினத்தில் ஒட்டவிட்டு, கரைசலை மாற்றிக் கழுவி, மின்னழுத்தத்தைக் கீழே இறக்கினால் மெத்தேன் வருகிறது. மெத்தேனின் முழு நிறை 16. அந்த எண்ணில் நீரிலிருந்து வரும் ஆக்சிஜன் அயனியும் விழும் என்பதால், ஒரு ஹைட்ரஜனை இழந்த துண்டை 15-இல் பார்க்கிறார்கள். ஒற்றைக் கார்பன் மெத்தேன் வருகிறது என்றால், இரண்டு கார்பன்களும் ஏற்கெனவே பிரிந்து உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்றாகிறது. மின்னழுத்தத்தை மேலே ஏற்றினால் கார்பன் மோனாக்சைடுத் துண்டு முதலிலும், ஹைட்ரஜன் ஒட்டிய கார்பன் துண்டு இன்னும் உயர்ந்த மின்னழுத்தத்திலும் எரிகின்றன.

எந்தக் கார்பன் எந்தத் துண்டாகிறது என்றுகூடக் கேட்கலாம். எத்தனாலின் இரண்டு கார்பன்களில் ஒன்றை மட்டும் நிறை 13 உள்ள ஐசோடோப்பாக மாற்றித் தயாரித்த எத்தனாலைப் பயன்படுத்துகிறார்கள். வேதியியல் குணம் மாறாது. எடை மட்டும் ஒன்று கூடும். ஒட்டிய துண்டுகள் எரியும்போது, ஒரு கார்பன் 44-இலும் மற்றது 45-இலும் வந்து தன்னைத் தானே அடையாளம் காட்டும். இதே உத்தி ஃபார்மிக் அமிலத்துக்கும் பொருந்தும். அதற்கு இரண்டு பாதைகள் உண்டு என்று 1973-இல் கேப்பனும் பார்சன்ஸும் வாதிட்டார்கள். ஒன்று நேராகக் கார்பன் டை ஆக்சைடுக்குப் போவது, மற்றொன்று கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு வழியாகச் சுற்றிப் போவது. பரப்பை 13 கார்பன் உள்ள மோனாக்சைடால் மூடிவிட்டுச் சாதாரண ஃபார்மிக் அமிலத்தைக் கொடுத்தால், நேர் பாதை 44-இலும், பரப்பில் முன்பே இருந்த நஞ்சு 45-இலும் தெரியும். கண்ணால் காண முடியாத இரண்டு பாதைகளை ஒரே ஒரு நியூட்ரான் பிரித்துக் காட்டிவிடுகிறது.

கருவியின் எல்லை

இந்தச் சாட்சிக்கும் தெரியாத செய்திகள் உண்டு. அசிட்டிக் அமிலம் எளிதில் ஆவியாவதில்லை. நீர்த்த கரைசலில் உருவாகும் அளவு சவ்வைக் கடந்து வருவதில்லை. ஆகவே எத்தனால் ஆய்வில் அதன் பங்கையும் கழித்தல் கணக்காகவே பெற வேண்டியிருக்கிறது. காரக் கரைசலில் நிலைமை இன்னும் மோசம்: உருவாகும் கார்பன் டை ஆக்சைடே கார்பனேட்டாக மாறிக் கரைசலில் தங்கிவிடும். எனவே இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமிலக் கரைசலிலேயே நடந்திருக்கிறது.

இன்னொரு நுட்பமான சிக்கல், அளக்கும் ஏற்பாடே விடையை மாற்றிவிடும் என்பது. நுண்துளை மின்முனையின் ஆழத்தில் உருவான ஃபார்மால்டிஹைடு வெளியேறும் வழியில் மறுபடி பிளாட்டினத்தின் மேல் ஒட்டி, மீதி எலக்ட்ரான்களையும் இழந்து, கார்பன் டை ஆக்சைடாகலாம். கரைசல் வேகமாக ஓடும் கலத்தில் அதே ஃபார்மால்டிஹைடு அடித்துச் செல்லப்பட்டுவிடும். இதைச் சரிசெய்யப் பான் நகரிலேயே பால்ட்ருஷாட் குழுவினர் மின்முனையையும் சவ்வையும் தனித்தனி அறைகளில் வைத்து, நடுவே கரைசலை ஓடவிடும் கலங்களை உருவாக்கினார்கள். மின்முனை ஓர் அறையில் வினைபுரியும். விளைபொருள் ஓடிவந்து அடுத்த அறையில் சவ்வைக் கடக்கும். வழவழப்பான ஒற்றைப் படிகத்தைக்கூட இதில் ஆராயலாம்.

ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் யூசிஸ், பேம் குழுவினர் இதே கேள்வியை நேராக எடுத்துக்கொண்டார்கள். ஒரே பிளாட்டின வினையூக்கியை வெவ்வேறு கனத்தில் பரப்பி மெத்தனாலை எரித்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான முடிவு இது: பரப்பும் வினையூக்கியின் அளவு குறையக் குறைய, பாதியில் நின்ற பொருள்களின் பங்கு கூடுகிறது. வினையூக்கி மாறவில்லை, மின்னழுத்தம் மாறவில்லை. ஆனாலும் விளைபொருள் மாறுகிறது. இடைநிலைப் பொருளுக்கு மறுபடி ஒட்டிக்கொள்ள எத்தனை வாய்ப்பு கிடைக்கிறது என்பதும் வினையின் முடிவைத் தீர்மானிக்கிறது. இந்த வினையூக்கி இத்தனை சதவீதம் கார்பன் டை ஆக்சைடு தரும் என்று கலத்தின் அமைப்பைச் சொல்லாமல் எழுதுவது அரைகுறைச் செய்தி என்பதை நான் இந்த ஆய்வைப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

கூடிய மின்னோட்டம், கூடாத எரிப்பு

பிளாட்டினத்தோடு ருத்தேனியத்தைச் சேர்த்தால் நச்சேற்றம் குறையும் என்பதை 1975-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வட்டனபே, மோட்டோ விளக்கினார்கள். குறைந்த மின்னழுத்தத்திலேயே ருத்தேனியம் நீரிலிருந்து ஆக்சிஜன் தரும் துண்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பிளாட்டினத்தின் மேலுள்ள கார்பன் மோனாக்சைடு அதை எடுத்துக்கொண்டு எரிந்து வெளியேறுகிறது. மெத்தனாலுக்கு இது பெரிய முன்னேற்றமாக அமைந்தது. எத்தனாலுக்கும் பிளாட்டினம்–ருத்தேனியம், பிளாட்டினம்–வெள்ளீயம் கலவைகள் தூய பிளாட்டினத்தைவிடக் கூடுதல் மின்னோட்டம் தந்தன. எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

உல்ம் குழுவினர் 2006-இல் இந்தக் கலவைகளின் விளைபொருள்களை எடை பார்த்தார்கள். கூடுதலாக வந்த மின்னோட்டம் அசிட்டால்டிஹைடிலிருந்தும் அசிட்டிக் அமிலத்திலிருந்தும் வந்திருந்தது. கார்பன்–கார்பன் பிணைப்பை உடைப்பதில் கலவைகள் பிளாட்டினத்தைவிட மேம்படவில்லை. எலக்ட்ரான் கணக்கை மட்டும் பார்த்தால் வெற்றியாகத் தெரிந்தது, எடைக் கணக்கில் வேறு விதமாக முடிந்தது. பாதி வழிப் பயணிகள்தாம் பெருகியிருந்தார்கள். பிணைப்பை உடைக்க வேறு உலோகம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 2009-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் அட்ஜிச் குழுவினர் பிளாட்டினத்தோடு ரோடியத்தையும் வெள்ளீய ஆக்சைடையும் சேர்த்த வினையூக்கியை அறிவித்தார்கள். சாதாரண வெப்பநிலையிலேயே பிணைப்பு உடைவதைக் காட்டினார்கள். பிணைப்பு உடைகிறதா என்ற கேள்விக்கு அது பதில். எத்தனை சதவீதம் உடைகிறது என்ற கேள்வி ஒவ்வொரு புதிய வினையூக்கிக்கும் தனியே கேட்கப்பட வேண்டியது. அதற்குப் பதில் சொல்ல எடைக் கணக்கு இல்லாமல் முடியாது.

கருவியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் திரிமார்கோ, கோர்கெண்டார்ஃப் குழுவினர் 2018-இல் டெஃப்லான் சவ்வுக்குப் பதிலாக, நுண்துளைகள் குடைந்த சிலிக்கன் சில்லைப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஆவியாகும் விளைபொருள் ஏறத்தாழ முழுவதையும் பிடித்து, ஓர் அணு அடுக்கின் சிறு பின்னத்தையும் அது அளக்கிறது. கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் மறுபடி எரிபொருளாக மாற்ற முயலும் ஆய்வுகளும் இந்த முறையையே நம்பியிருக்கின்றன. அங்கேயும் மெத்தேன், எத்திலீன், எத்தனால், ஹைட்ரஜன் எல்லாம் ஒரே கம்பியில்தான் எலக்ட்ரானை வாங்குகின்றன. பெயர் சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.

பல மடங்கு மின்னோட்டம் தரும் புதிய வினையூக்கி என்ற செய்திகள் மாதந்தோறும் வருகின்றன. அவற்றை நம்புவதற்கு முன் வாசகர் மூன்று கேள்விகள் கேட்கலாம். அந்த எலக்ட்ரான்களைக் கொடுத்து மூலக்கூறு என்னவானது? மின்னோட்டத்தில் எத்தனை சதவீதத்துக்குப் பெயர் தெரிந்திருக்கிறது? மீதியைக் கழித்தல் கணக்காகச் சொன்னார்களா, அளந்து சொன்னார்களா? எரிபொருள் மின்கலங்கள் ஆய்வகத்தை விட்டு வீதிக்கு வருவது இந்தக் கேள்விகளுக்கு வரும் நேர்மையான பதில்களைப் பொறுத்திருக்கிறது. விளைபொருள் கணக்கும் சேர்ந்து அச்சாகாத வரை, வெறும் மின்னோட்டத்தைக் காட்டி ஒரு வினையூக்கியைச் சிறந்தது என்று அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.